இடம் வலம் மாறிய அறை

ஜூன் 3, செவ்வாய்

வெயில். மஸ்கட்டிலும் இதே வெயில்தான், ஆனால் அங்கே அது வெளியே நிற்கும். இங்கே வீட்டுக்குள் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அப்பாவின் ஊர் விக்கிரமங்கலம் வந்து சில நாள் ஆகிறது. பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன். பிரித்தால் வந்தேவிட்டோம் என்று ஆகிவிடும். அப்பாவின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் மஸ்கட்டில் இருந்து வேறு வேலை தேடுகிறார். இந்த மாதத்துக்குள் கிடைத்தால் நானும் அம்மாவும் திரும்பப் போகிறோம். ஏர்போர்ட்டில் அவரே சொன்னது: "கொஞ்ச நாள் லீவுன்னு நெனச்சுக்கம்மா."

சரி. லீவு.

இன்றைய வேலை: போஸ்டர் ஒட்டியது. வெயிலில் டேப் கழன்று எல்லாரும் கட்டிலுக்குப் பின்னால். என் பாட்டு பேண்ட் பசங்க ஏழு பேரும் தலைகீழாக. கொரியாவில் அவர்களுக்கு இது தெரியாமல் இருக்கட்டும்.

புது வீடு. அப்பா மஸ்கட்டில் இருந்துகொண்டே போனில் கட்டிய வீடு. தை மாதம் அத்தை (அப்பாவின் தங்கை, அடுத்த வீடு) பால் காய்ச்சினாள். வீடியோ காலில் பார்த்தோம். பால் பொங்குகிற நேரம் பார்த்து கால் கட்.

என் அறைதான் அப்பாவின் சர்ப்ரைஸ். அப்படியே மஸ்கட் அறை!! அதே பச்சை. கட்டிலுக்கு மேல் அதே ஷெல்ஃப். மூலையில் சும்மா துருத்திக்கொண்டிருக்கும் அந்த முட்டாள் தூண்கூட. பார்த்ததும் கத்திவிட்டேன். ஆனால் உள்ளே நுழைந்தால் ஏதோ தலை சுற்றுகிற மாதிரி. முழங்கையை அலமாரியில் இடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அங்கே டைரியைத் தமிழில் எழுதினால் ரகசியம். இங்கே எல்லாருக்கும் படிக்கத் தெரியும். மெத்தைக்கு அடியில்.

ஜூன் 4, புதன்

என் பசங்களின் லைவ் போச்சு. சரியாக அவர்கள் வந்து கை ஆட்டிய நேரம் கரண்ட் கட். மாடிக்கு ஓடினேன். சிக்னல் ஒரு கோடு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் அதையே பார்த்துக்கொண்டு.

யாரிடமும் படிக்காமல் நானே கற்றுக்கொண்ட கொரியன். நானேதான் எல்லாருக்கும் உடனுக்குடன் மொழிபெயர்த்துப் போடுவேன். இன்று ஃபேன் க்ரூப்பில் வேறு யாரோ போட்டாள். பாதி தப்பு. எல்லாரும் அவளுக்கு ஹார்ட்.

கீழே இறங்கியபோது அத்தை: "ஏ மஸ்கட்டு, மொட்ட மாடியில என்னடி தனியா பேசிக்கிட்டிருந்த?"

"கொரியன், அத்த."

"அது கெடக்கட்டும், தமிழ்ல வந்து சாப்புடு."

கொஞ்சம் சிரித்தேன். சாப்பிட்டேன். கத்திரிக்காய்.

ஜூன் 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!!!

மஸ்கட்டில் உள்ளே நுழைந்தால் சுவிட்ச் வலது கைப் பக்கம். இங்கே இடது. அங்கே கட்டில் இடது சுவர் ஓரம், இங்கே வலது. ஜன்னல், அலமாரி, தூண், எல்லாமே மாறிப்போய்! கண்ணாடிக்குள் இருக்கிற அறை.

பழைய போனில் தேடினேன். ஒன்பதாம் வகுப்பில் என் ஃபேன் பேஜில் போட்ட ரூம் டூர் வீடியோ. முன் கேமராவில், கண்ணாடி செட்டிங்கோடு எடுத்தது. போஸ்டரில் எழுத்தெல்லாம் திரும்பி இருக்கிறது. அதைத்தான் அப்பா மேஸ்திரிக்கு அனுப்பியிருக்கிறார். மேஸ்திரி பார்த்து, ஒன்று விடாமல் கட்டிவிட்டார்.

மஸ்கட்டில் என் அடுத்த ஃப்ளாட் தோழி ஷஹானாவுக்கு அனுப்பினேன். அவள் பதில்: "உன் வீடே ஒரு செல்ஃபிடி!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பிறகு அது சிரிப்பு இல்லை. அம்மா கதவைத் தட்டினாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு நாளை ஓமானிலேயே, சோஹாரில் இண்டர்வியூ. நல்லபடியாகப் போகட்டும்.

ஜூன் 11, புதன்

பாத்ரூம் குழாய் ஒழுகியது. வீடு கட்டிய மேஸ்திரியே வந்தார். வேலை முடித்ததும் என் அறையை எட்டிப் பார்த்து, "எப்புடிம்மா, அங்கிருந்த மாதிரியே இருக்கா?" முகத்தில் அவ்வளவு பெருமை. இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல?

"அந்தத் தூணு மட்டும் எதுக்குன்னே வெளங்கலம்மா. மேல ஒண்ணத்தையும் தாங்கல, சும்மாதான் நிக்கிது. வேணாம் சார், எடம் போவுதுன்னேன். ஒங்கப்பா கேக்கல. எம்பொண்ணு உள்ள வந்தா வித்தியாசமே தெரியக்கூடாது மேஸ்திரின்னுட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"அஸ்திவாரம் போட்டப்பவே. மூணு வருசம் இருக்கும். இனிமே இங்கதான எம்பொண்ணு இருக்கப்போவுதுன்னாரு."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருடம். அப்போது கம்பெனி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே சுவரில் புது போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டே தெரிந்து வைத்திருந்தார்.

லீவு இல்லை. எப்போதும் லீவாக இருந்ததே இல்லை.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

ஜூன் 14, சனி

அத்தை விடவில்லை. பெரம்பலூரில் காலேஜ், அட்மிஷன் முடியப்போகிறதாம். அரியலூரில் பஸ் மாறினோம். வழி முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி. ரோட்டோர மரம் எல்லாம் வெள்ளை. ஜன்னலோரம் உட்கார்ந்த என் புருவமும்.

"வூட்டுக்குள்ளயே கெடந்தா எப்புடிடி? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு. நாளு பூரா அந்தப் போனத்தான நோண்டுற."

"அப்பாவுக்கு வேல கெடச்சா போயிருவோம், அத்த."

அத்தை என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கெடைக்கட்டும். அதுவரைக்கும் படி," என்றாள். குரல் மெதுவாக இருந்தது. அத்தையின் குரல் மெதுவாக இருந்தால் எனக்குப் பயம்.

காலேஜ் ஆபீஸில் மார்க் ஷீட்டை நீட்டச் சொன்னார்கள். கை பையை விட்டு வரவில்லை. அப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். அத்தை திட்டவில்லை. கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தாள். ஐஸ் போடாமல்.

கொரியனில் 'வீடு' என்று எழுதிப் பார்த்தேன். எல்லா மொழியிலும் சின்ன வார்த்தைதான்.

ஜூன் 20, வெள்ளி

காற்று. மாடியில் துணி பறந்து அத்தை வீட்டு முருங்கையில். எடுக்கப் போனபோது அப்பா கால்.

"சோஹார் வேல வரலம்மா."

"பரவால்லப்பா."

"வேற எடத்துலயும் கேட்டுப் பாத்துட்டேன். வயசச் சொல்றாங்க."

"பரவால்லப்பா."

நான்கைந்து தடவை அதையே சொன்னேன் போல.

"நம்ம ஃப்ளாட்ட காலி பண்ணி சாவி குடுத்துட்டேன். நீ ஒட்டுனதெல்லாம் பாத்துப் பாத்துதான் பிச்சேன். பெயிண்ட்டும் சேந்து வந்துருச்சு." பிறகு அவரே: "அங்க ரூம் புடிச்சிருக்கா? அப்படியே இருக்குல்ல?"

கேட்டிருக்கலாம். மூன்று வருடமாகத் தெரியுமா அப்பா என்று. நாக்கு நுனி வரை வந்தது.

"அப்படியே இருக்குப்பா."

க்ரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஷஹானா மட்டும் ஒரு கேள்விக்குறி.

ஜூன் 23, திங்கள்

பெரம்பலூர். மார்க் ஷீட் கொடுத்தாகிவிட்டது.

பெட்டியைப் பிரித்தேன்.

ஜூன் 28, சனி

காலையில் அப்பா வந்தார். இளைத்திருக்கிறார். சட்டைக் காலர் பெரிதாகத் தெரிகிறது. அம்மா அழவில்லை, மீன் வாங்க ஆள் அனுப்பினாள். அத்தை மட்டும்: "என்னண்ணே, மூணு பெட்டிதானா? இருவது வருசத்துக்கு?" சொல்லிவிட்டு அவளே உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டுவிட்டு மதியம் முழுக்க ஹாலில் தூங்கினார். நான் ஃபேனைப் பார்த்தபடி என் கட்டிலில். சாயங்காலம் மேகம் கட்டி அறை இருண்டுவிட்டது. எழுந்து லைட் போடத் தோன்றவில்லை.

அப்பா என் கதவுக்கு வந்தார். "ஏம்மா இருட்டுல படுத்திருக்க?" கை தானாக வலது பக்கச் சுவருக்குப் போனது. மஸ்கட்டில் நான் தூங்கியதும் தினமும் வந்து லைட்டை அணைப்பது அவர்தான்.

வெறும் சுவர். மேலே தடவினார். கீழே தடவினார். முனைக்கு முனை தடவினார்.

"எங்கம்மா சுவிட்சு? இங்கதான இருக்கும்?"

"ஆமாப்பா," என்றேன். "அங்கதான் இருக்கும்."

இன்னும் தடவிக்கொண்டிருந்தார்.