புகாரே இல்லாத வட்டத்திலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்
செயலர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஏழாவது வட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சிறந்த பணியாளர் விருது – எங்கள் வட்டப் பராமரிப்புப் பணியாளருக்குக் கிடைக்காமை – அவரது இடமாற்றத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தாங்கள் நடத்திய பணியாளர் மற்றும் சமூகத் தொண்டர் பாராட்டு விழாவுக்கு எங்கள் வட்டமே திரண்டு வந்திருந்தது. உற்சாக மிகுதியில் எங்கள் தையற்கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து, எழுப்பிவிடப்பட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்தார். பூங்காவுக்கு ஒரு பெஞ்சு கொடுத்து, சாய்பவர் முதுகில் பதியும் அளவுக்குத் தம் பெயரை எழுதிவைத்த கொடையாளருக்குக்கூட நாங்கள் மனதாரக் கைதட்டினோம். எங்களிடம் கைதட்டல் அவ்வளவு கையிருப்பு இருந்தது.

2. அந்தக் கையிருப்பில் பெரும்பகுதி செலவாகாமல் வீடு திரும்பியது. கேடயம் பக்கத்து வட்டப் பணியாளருக்குச் சென்றது. நகராட்சியிலேயே அதிகப் புகார்களைத் தீர்த்தவர் அவர்தான் என்று மேடையில் அறிவித்தார்கள். அதில் பொய் இல்லை. அவர் வட்டத்து முச்சந்தியில் ஒரு குழாய் இணைப்பு இருக்கிறது. அது வாரந்தோறும் ஒழுகும். வாரந்தோறும் அவர் வந்து துணி சுற்றுவார். வாரந்தோறும் ஒரு புகார் தீரும். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. சாதனையில் சரிபாதி அந்தக் குழாயுடையது என்பதால் அதையும் மேடைக்கு அழைத்திருக்கலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

3. எங்கள் வட்டப் பணியாளரைத் தாங்கள் பார்த்திருக்காவிட்டாலும் கேட்டிருக்க வாய்ப்புண்டு. எங்களுக்கு அவர் ‘எட்டுக்கட்டை அக்கா’. விடிந்ததும் ஸ்பானரால் குழாய்களைத் தட்டிக்கொண்டே தெருவில் நடப்பார். எந்த விளக்கு கண் சிமிட்டுகிறது, எந்தச் சாக்கடை மூச்சு முட்டுகிறது, அதற்கு எந்த வீட்டுக்காரர் காரணம் என்பதெல்லாம் தெருமுனைவரை கேட்கும்படி அறிவிக்கப்படும். காரணமானவர் வெளியே வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். திட்டு மட்டும் மீதியிருக்கும். புதிதாகக் குடிவந்த வங்கி ஊழியர் ஒருவர் குழாய்க் கசிவைப் பற்றிப் புகார் செய்ய எண் கேட்டபோது அக்கா சொன்னது: “போன் போடு தம்பி, வேணாங்கல. நீ நம்பர் தேடுறதுக்குள்ள நான் மாத்திட்டு டீ குடிக்கப் போயிருவேன்.” அப்படியே நடந்தது. தற்பெருமை அவரிடம் சற்று அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது வேலை முடிந்த பிறகே வரும்.

4. இதன் விளைவாக எங்கள் வட்டத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஒரு புகாரும் வரவில்லை. வராத புகாரைத் தீர்க்க முடியாது. ஆகவே ‘தீர்த்த புகார்கள்: இல்லை’ என்று பதிவாகி, வேலையில்லாத வட்டத்துக்கு ஆள் எதற்கு என்று தங்கள் அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. வருகிற ஒன்றாம் தேதி முதல் அக்கா கிடங்குக்கு மாற்றப்படுகிறார். எங்கள் குழாய்கள் பக்கத்து வட்டப் பணியாளரின் பொறுப்பில் சேர்கின்றன. வீட்டில் பழைய துணிகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டோம்.

5. உத்தரவு வந்த அன்றே சங்கம் அவசரமாகக் கூடி, இருக்கும் சில நாட்களுக்குள் முடிந்தவரை புகார்களை உற்பத்தி செய்வது என ஒருமனதாகத் தீர்மானித்தது. இவ்வளவு ஊக்கமான கூட்டம் சங்க வரலாற்றிலேயே கிடையாது. தையற்கடைக்காரர் ஏணி வைத்துத் தெருவிளக்கின் பல்பைக் கழற்றினார். “தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது” என்று தங்கள் அலுவலகத் தொலைபேசி சொல்லி முடிப்பதற்குள் அதே ஏணியில் அக்கா ஏறிப் புது பல்பு மாட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் தம் கடை வாசலில் தாங்க முடியாத துர்நாற்றம் என்று எழுதிக் கொடுத்தார். தங்கள் மேற்பார்வையாளர் வந்து நெடுநேரம் முகர்ந்துவிட்டு, டெட்டால் வாசனை மட்டுமே வருவதாகக் குறித்துப் புகாரைத் தள்ளுபடி செய்தார்.

6. வேறு வழியின்றி அக்காவிடமே விஷயத்தைச் சொன்னோம். நாலு நாள் கண்டும் காணாமல் இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். அது கையில் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்தது அதுவே முதல்முறை. பிறகு சொன்னார்: “ஷீல்டு வேணும்தான். யாருக்குத்தான் வேணாம்? அதுக்காக என் தெருவ நானே நாறவிடணுமா? எவனாச்சும் என் ஏரியால புகார் குடுங்க, அவன் வீட்டுக்குத் தண்ணி வருதான்னு பாக்குறேன்.” நாங்கள் கலைந்து சென்றோம்.

7. இந்நிலையில் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. வட்ட அலுவலகத்தின் பின்னறையில், சாமான்கள் வைக்கும் அலமாரிக்கு மேலே, சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. விழாவுக்கு முந்தைய நாள் அக்கா அடித்தது. இன்றுவரை அதில் எதுவும் தொங்கவில்லை. ஒரு குடையை மாட்டக்கூட எங்களில் யாருக்கும் துணிவில்லை. எதற்கு இந்த ஆணி என்று என் மனைவி கேட்டபோது, “பல்லி உக்கார ஒரு இடம் வேணாமா அண்ணி?” என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கிவிட்டாராம். சுத்தமாக இருந்த ஸ்பானர் அது என்று என் மனைவி கூறுகிறார்.

8. எங்கள் வட்டம் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டோம். முடிக்கப்படாமல் நிற்கும் வேலை அந்த ஆணி ஒன்றுதான். அதை அக்காவால் முடிக்க முடியாது. தங்களால் மட்டுமே முடியும். எனவே இதை ஏழாவது வட்டத்தின் முதல் புகாராகப் பதிவு செய்து, இடமாற்றத்தை ரத்து செய்து, அந்த ஆணிக்கு உரியதைத் தாங்களே நேரில் வந்து மாட்டித் தருமாறு வேண்டுகிறோம். தீர்த்த புகாரைத் தங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக் கேடயத்துக்கு உதவும். கைதட்டல் எங்களிடம் அப்படியே இருக்கிறது.

நாள்: 24-ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: ஏழாவது வட்டம்

தண்ணீர் வரும்வரை தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலர்

பின்குறிப்பு: மேற்படி ஆணி லேசாக ஆடுவதாக மருந்துக்கடைக்காரர் இன்று காலை கண்டுபிடித்து, இதையாவது தனிப் புகாராக எழுதலாம் என்று ஓடிவந்தார். நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் அக்கா சிமெண்டு வைத்து இறுக்கியிருந்தார். இனி எவ்வளவு கனமான கேடயத்தையும் அது தாங்கும்.