ஏழு லீவர் பூட்டு

ஏப்ரல் 18

வருங்காலச் சம்பந்தி கண்ணாடிக்கு,

நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் மே ஐந்தாம் தேதிக்குள் நலமாகிவிட வேண்டும், ஏனென்றால் நகரத்தில் வீடு பிடித்தாயிற்று. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று உன் வீட்டம்மா கேட்பார். போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். முப்பது வருடமாக எழுதியே பழகிவிட்டோம், இனிமேல் என்ன புதுப் பழக்கம்?

இரண்டாம் மாடி. மூன்று அறை, ஒரு கூடம், வெயில் விழுகிற சமையலறை. ஐந்து நாள் நம் ராஜ்ஜியம். நீங்கள் மூன்று பேர், நாங்கள் மூன்று பேர், உன் தங்கை, அவள் புருஷன். அவர் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டில் பாத்திரம் ஆடும் என்று கேள்விப்பட்டேன். அவரைக் கூடத்தில் போட்டுவிடலாம். இரண்டாம் நாளே என் மகளுக்கும் உன் மகனுக்கும் மோதிரம் வாங்கிவிடுவோம். மீதி நாளெல்லாம் அவர்கள் இருவரும் ஊர் சுற்றட்டும். நாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு பின்னால் போவோம்.

ஒரு முக்கியமான சங்கதி. வீட்டுக்காரர் கொடுத்த பூட்டைப் பார்த்தேன். கொண்டை ஊசியைக் காட்டினாலே வாயைப் பிளக்கும். பூட்டுக்காரன் குடும்பம் தங்குகிற வீட்டில் அது தொங்கினால் என் மானம் என்னாவது? அதனால் என் கையால் ஒரு பூட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஏழு லீவர். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: உள்ளே ஏழு தகடு. ஏழையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். தகடு கூடக்கூடத் திருடனுக்குத் திண்டாட்டம். அதற்குச் சாவி இரண்டுதான். ஒன்று என் இடுப்பில். மற்றது மாப்பிள்ளை கையில். உன்னிடம் தர மாட்டேன். நீ மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற ஆள்.

அன்புடன்,
பூட்டு

ஏப்ரல் 25

பூட்டுச் சம்பந்திக்கு,

உன் கடிதத்தை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குறட்டை விஷயம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை புருஷன் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கூடத்தில் படுக்க மாட்டாராம், உன் அறையில்தான் படுப்பாராம். நீயாச்சு அவராச்சு.

சாவி விஷயம் கேட்டு என் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா எங்கிட்டயா குடுக்கறாரு?" என்று இரண்டு தடவை கேட்டான். மருந்துக் கடையில் பொறுப்பாக வேலை செய்கிற இருபத்தேழு வயது ஆள், உன் சாவிக்கென்று புது வளையம் வாங்கி வந்திருக்கிறான். அவன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

உன் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. பவர் ஏறியிருக்கிறது. லென்ஸ் பெட்டியை எடுத்து வருகிறேன், முதல் நாளே உன் கண்ணைச் சோதித்துவிடுவேன். முப்பது வருடமாக உன் மூக்கில் உட்கார்ந்திருப்பது என் கண்ணாடி. வேறு எவன் கடையிலாவது வாங்கினாய் என்று தெரிந்தால் சம்பந்தம் கிடையாது, சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கண்ணாடி

மே 16

அன்புள்ள சம்பந்திக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். மணி அடித்து ஓய்கிறது. நகரத்திலிருந்து திரும்பி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனது எனக்கு மனக்கஷ்டம்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள், மீன் காட்சிசாலை. டிக்கெட் வாங்கி உள்ளே போன பிறகுதான் என் வீட்டுக்காரி பிரஷர் மாத்திரையை மறந்து வந்தது தெரிந்தது. மாப்பிள்ளை தானே போய் எடுத்து வருகிறேன் என்று தன் சாவியோடு பஸ் ஏறினார். ஒரு மணி நேரத்தில் மாத்திரையோடு வந்தார், என் மகள் விட்டுவிட்டு வந்த குடையும் கையில். அதுவரை எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது! கண்ணாடிக்குப் பின்னால் வந்த அந்தப் பெரிய மீனைப் பார்த்து, "பூட்டு, இது உன் சாயல்" என்றாயே.

சாயங்காலம் படியேறி வந்தோம். பூட்டு தொங்கியபடி தொங்கிக்கொண்டிருந்தது. என் சாவியால்தான் திறந்தேன். உள்ளே பெட்டிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. முந்தின நாள் வாங்கிய இரண்டு மோதிரம், உன் தங்கை சங்கிலி, கேமரா, உன் லென்ஸ் பெட்டி எல்லாம் போயிற்று. கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்காரர், அக்கம்பக்கத்தார், மூன்று போலீஸ்காரர்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "நீங்க பூட்டுத் தொழில் பண்றவரு. பூட்டு உடையல, நாதாங்கியும் அப்படியே இருக்கு. கம்பி போட்டுத் திறந்திருப்பானா?"

"நான் செஞ்ச பூட்டு சார் இது. இதோட சாவியைத் தவிர வேற எதுக்கும் திறக்காது."

"சாவி எத்தனை?"

"ரெண்டு."

கேட்டார், சொன்னேன். நான் யாரையும் கை காட்டவில்லை. அவர்களாகத்தான் மாப்பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் மதியம் விட்டும்விட்டார்கள். விசாரணை என்றால் நாலு பேரைக் கேட்கத்தானே செய்வார்கள்? அதற்காக முப்பது வருடப் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதா?

மோதிரம் போனால் போகட்டும். வேறு வாங்கலாம். ஜூன் கடைசியில் நிச்சயத்துக்குத் தேதி பார்க்கவா? என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பதில் போடு.

அன்புடன்,
பூட்டு

மே 27

பூட்டுக்கு,

போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. எடுத்தால் என்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. எழுதும்போது அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். இது மூன்றாவது தாள்.

மறுநாள் மதியம் விட்டுவிட்டார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். அதுவரை அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்து விரலிலும் மை தடவினார்கள். கையில் சிலேட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பொண்ணு வீட்டாரோடு ஏதாவது தகராறா, சூதாடுவாயா என்று கேட்டார்கள். மருந்துக் கடை முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டு ஆள் எப்படி என்று விசாரித்தார்கள். முதலாளி நல்லபடியாகத்தான் சொன்னாராம். ஆனால் தினமும் காலையில் அந்தக் கடையைத் திறக்கிறவன் என் மகன். அவன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, "சாவியைக் குடுப்பா, இனிமே நானே வந்து திறந்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். இப்போது இவன் எட்டு மணிக்கே போய் மூடிய கடை வாசலில் நிற்கிறான்.

அன்று அவன் திரும்பிப் போனது யாருடைய மாத்திரைக்காக என்று உன் கடிதத்திலேயே நீ எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு உறைக்கவில்லையா?

அவன் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. ஊருக்கு வருகிற வழியில் பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டான். "என்னைக் கூட்டிட்டுப் போறப்ப மாமா என்னைப் பார்க்கவே இல்லையேப்பா, ஏன்?" நீ கையிலிருந்த பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு நீ கொடுத்த நற்சான்றில் பாதி அவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? 'சாவி ரெண்டு சார், ஆனா அந்தப் பையன் தங்கம்' என்று ஒரு வார்த்தை. நானும் கத்தினேன், அவன் அம்மாவும் கத்தினாள். பெற்றவர்கள் சொன்னால் யார் காதில் ஏறும்? நீ சொல்லியிருந்தால் ஏறியிருக்கும். உன் மகளும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது.

தேதி எதுவும் இப்போது பார்க்க வேண்டாம்.

கண்ணாடி

ஜூலை 3

அன்புள்ள கண்ணாடிக்கு,

சம்பந்தி என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் வரும். அதில் அந்தப் பூட்டு இருக்கிறது, மேல் மூடியைக் கழற்றி அனுப்பியிருக்கிறேன். நீ கண்ணால் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார். ஏழு தகடு இருக்காது. ஐந்துதான் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு தகட்டின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது. வேறு ஸ்பிரிங் போட வேண்டுமானால் இரண்டு நாள் ஆகும். உன்னிடம் ஏழு என்று பீற்றியாயிற்று, வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. உள்ளே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று அந்த இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டு மூடினேன். ஐந்து தகடு என்றால் கைதேர்ந்தவன் கம்பியால் திறந்துவிடுவான். எனக்கே பத்து நிமிஷம் போதும். போகும்போது அமுக்கிவிட்டால் பழையபடி பூட்டிக்கொள்ளும்.

இது அன்றைக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். படியேறி வந்து பூட்டைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது. சாவி வழக்கம்போலத் திரும்பவில்லை, உள்ளே நறநறவென்றது. யாரோ கைவைத்திருக்கிறான் என்று என் விரல் சொன்னது. அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் கேட்டார். சுற்றிலும் அத்தனை பேர். பூட்டுக்காரன் பூட்டையே ஒருவன் திறந்துவிட்டான் என்று எப்படிச் சொல்வேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்த கேள்வி சாவி எத்தனை என்று வரும், அது யார் தலையில் போய் விழும் என்று யோசிக்கவில்லை. வாயை விட்டு வந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அவன் பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஊருக்கு வந்ததும் பூட்டைப் பட்டறையில் பழைய சாமான் டப்பாவுக்குள் போட்டேன். போன தடவை உனக்கு எழுதியதெல்லாம் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுதான். ஜூன் பதினெட்டாம் தேதி என் மகள் கேட்டாள்: "ரெண்டாவது சாவி என் கையில இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பீங்களாப்பா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றுதான் திறந்தேன். ஐந்து தகட்டிலும் புதுக் கீறல். நீ லென்ஸ் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

போன வாரம் நகரத்துக்குப் போய் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வாங்கி வைத்துக்கொண்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா பையனை உட்கார வெச்சிருக்க மாட்டோமே பெரியவரே" என்றார். நகல் ஒன்று பெட்டியில் இருக்கிறது. மருந்துக் கடை முதலாளியிடம் நானே வந்து சொல்கிறேன். உன் மகன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய், பிள்ளைகளைப் பிரித்துவிடாதே. வரச் சொல்லி ஒரு வரி போடு. அன்றைக்கே புறப்பட்டு வருவேன்.

பூட்டு

ஜூலை 19

பூட்டுக்கு,

பெட்டி வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கீறல் இருக்கிறது, இரண்டு இடம் காலியாக இருக்கிறது. என் மகனைக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குப்பா அது? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நகலை மட்டும் முதலாளியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டார். கடைச் சாவியைத் திரும்பக் கொடுத்தார். இவன் வாங்கிக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, பத்தாம் தேதி உன் மகள் தனியாக இங்கே வந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உனக்காக மன்னிப்புக் கேட்டு அழுதாள். "நீ என்ன பண்ணுவே, விடு" என்றான். அதன் பிறகு இருவருக்கும் பேசுவதற்கு எதுவும் அகப்படவில்லை. நகரத்தில் மூன்று நாளும் வாய் ஓயாமல் பேசிய பிள்ளைகள். இரண்டு டம்ளர் டீயும் ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் சொன்னான்: "வேணாம்பா. அவ மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா அவங்க வீட்டுப் படியேறும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும். அது அவளுக்கும் நல்லதில்ல." நான் பிரிக்கவில்லை. என்னால் சேர்த்துவைக்கவும் முடியவில்லை.

அவனுக்கு வேறு ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்து நேற்றுப் போய்விட்டான். போகும்போது உன் சாவியை என் மேஜை மேல் வைத்தான். "மாமாவுக்கு அனுப்பிடுங்க, இல்லாட்டி அவரு வேற சாவி வெட்டணும்" என்றான். பூட்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வளையத்தையும் கழற்றவில்லை.

நீ உண்மையை எழுதினாய். உன் வயதில், உன் தொழிலில் இருந்துகொண்டு அதை எழுத எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை நினைத்துத்தான் அழுதேன். மன்னிக்கவில்லை என்று நினைக்காதே. ஆனால் வா என்று எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. நீ வந்தால் அவன் அம்மா உனக்கு நாற்காலி போடுவாள், சாப்பாடு போடுவாள், ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வீட்டில் முதல் நாள் சாயங்காலம் சன்னலுக்குப் பக்கத்தில் உன்னை உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தேன், ஞாபகம் இருக்கிறதா? லென்ஸ் பெட்டி திருட்டுப் போனாலும் உன் பவரை என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் கணக்குக்கு உன் கண்ணாடியைச் செய்து முடித்துவிட்டேன். இந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முதல் இரண்டு நாள் படி இறங்கும்போது பார்த்து இறங்கு. பணம் அனுப்பாதே.

கண்ணாடி உறைக்குள் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். உன் பவர் சீட்டு. இத்தனை வருடத்தில் உனக்கு நான் அதை எழுதிக் கொடுத்ததே இல்லை, தேவைப்படவும் இல்லை. பத்திரமாக வைத்துக்கொள். உங்கள் ஊரிலேயே எந்தக் கடையில் காட்டினாலும் செய்து கொடுப்பார்கள்.

கண்ணாடிக் கடைக்காரன்