வெள்ளை நெற்றிக்காரி தின்ற புல்

ஃபின்டன்,

ஸ்லைகோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன், ராத்திரி வந்துவிடுவேன். பன்றிக்கறியும் முட்டைகோஸும் அடுப்பின் மேல் இருக்கின்றன, சூடு பண்ணிச் சாப்பிடு. இரவல் தந்த எடைமேடையைத் திரும்ப எடுத்துப்போகப் பக்கத்துப் பண்ணை மாலாக்கி வருவார். டீ போட்டுக் கொடு.

ஆமாம், நீ சந்தைக்குப் போனதும் நானும் அவருமாகக் கன்றுகளை எடை போட்டுவிட்டோம்!

கோடையில் பூ விடுமுன்னே புல்லை அறுத்தேன் என்று என்ன பேச்சுப் பேசினாய்! "அரைக் கொட்டகைகூட நிரம்பல. குளிர்காலம் பூரா கன்னுக்குட்டிக்கு இந்தத் தூசியவா போடப்போற?" நீ முற்றவிட்டு அறுத்த புல் உன் கொட்டகைக் கூரையை முட்டியது. கன்றுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து அவரவர் புல்லைப் போட்டோம். இன்று என் கன்றுகள்தான் கனம். உன் பக்கத்தில் வெள்ளை நெற்றிக்காரி மட்டும் அவற்றுக்குச் சமமாக நின்றாள்.

"ஃபின்டனோட முத்தின தண்டத் தின்னா இவ இப்படிக் கொழுத்தா?" என்று மாலாக்கி வாயைப் பிளந்தார்.

பிறகு உன் கோட்டைத் துவைக்க எடுத்தால், பையிலிருந்து என் புல்லின் பச்சை இலை கொட்டுகிறது! என் கொட்டகையின் பின் ஜன்னல் கொக்கி தினமும் கழன்று கிடந்த கதை அப்போதுதான் விளங்கியது.

ஜெயித்தது நான். ராத்திரி சுவரைப் பார்த்துப் படுக்காதே.

டெர்வ்லா

பி.கு.: உன் தண்டைக் கிழட்டு மாடுகளுக்குப் போடு, அவற்றுக்கு அது போதும்.

இன்னொன்று: என் கொட்டகைச் சாவி டீ டப்பாவுக்குள் இருக்கிறது. உன் கன்றுகள் எல்லாவற்றுக்கும் என் புல்லையே போடு. இனிமேல் கதவு வழியாகப் போ, மனுஷா. அந்த ஜன்னலுக்கு உன் தொப்பை தாங்காது.