மெல்ரோயும் அவருடைய பழைய கமெராவும்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி பிரியந்தனுக்கு,

ரொறன்ரோவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை. இங்கே நானும் மகள் ரொஷேலும் சுகம். என் மனுஷன், உங்கள் சிநேகிதர் மெல்ரோயைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

நீங்கள் எங்கள் ஸ்டூடியோவில் வேலை செய்த காலத்தில் வாங்கிய அதே கமெராவை இவர் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். தாலி கட்டிய கையோடு ஷட்டர் இறுகிவிட்டது. நான் சீட்டெடுத்து வாங்கிக் கொடுத்த புதுக் கமெராவில்தான் மிச்சத்தை எடுத்தார். பழையது அதோடு தொலைந்தது என்று நினைத்தேன். எங்கே! களனி, மாளிகாவத்தை என்று அலைந்து, அதே மொடலில் செத்த கமெரா இரண்டு வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் கழற்றிப் பரப்பியிருக்கிறார். அவற்றின் ஷட்டரும் தேய்ந்ததாம். கொம்பனி பாட்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் புதுக் கமெராவில் பாதி விலை. நாங்கள் கட்டிலில் இருந்து சோறு தின்கிறோம்.

கேட்டால், பழைய சென்ஸரில்தான் எங்கள் ஆட்களின் நிறம் உள்ளபடி விழுகிறதாம். புதியது கன்னத்து நிழலையெல்லாம் வழித்துத் துடைத்துவிடுகிறதாம். கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம்தானே என்றேன். "சரிசெய்யிறதுக்கு அந்தப் பிள்ளையின்ர முகத்தில என்ன பிழை?" என்று பாய்ந்தார்.

அந்தப் பிள்ளை, மணப்பெண் றஷ்மி, அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வந்தாள். நல்ல கறுப்பு, லட்சணமான முகம். வெள்ளையாக்கித் தரச் சொல்லி மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். புதுக் கமெராப் படங்களை மரியாதைக்குப் பார்த்தாள். பழையதில் எடுத்தவை வந்ததும், "அன்ரி, இது நான்தான் என்ன?" என்று கேட்டு அழுதுவிட்டாள். அவற்றை மட்டும் போடுங்கள், மாமியோடு நான் கதைக்கிறேன் என்று போனாள். அடுத்த நாளே மாமியார் போனில் ஏசினார். அவருடைய இளைய மகனின் கலியாண ஓடரும் போய்விட்டது. இவருக்குச் சிரிப்பு! ஷட்டர் கிடைக்கும்வரை எந்த வேலையும் எடுக்கமாட்டாராம்.

ரொஷேலுக்குத் தை மாதம் கலியாணம். அழைப்பிதழ் தனியாக வரும். அவள் என்னுடைய நிறம். சிறுவயதில், வெள்ளையாக்கிய என் கலியாணப் படத்தைக் காட்டி, அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டவள்.

தம்பி, அங்கே எங்காவது நல்ல ஷட்டர் இருந்தால், என்ன விலையானாலும் தைக்கு முன் அனுப்பிவையுங்கள். நான் கேட்டதாக மட்டும் இவருக்குச் சொல்லவேண்டாம். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் உங்கள் குடும்பத்துக்காக மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

அன்பு அக்கா,
ஐறீன்