இரண்டாவது சைக்கிளைப் பிடிக்க ஆள்

அமராவதிபுதூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் பெல்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் சுகமாக இல்லை. நீ அங்கே சுகமா என்று கேட்டால் நீயும் பொய்தான் சொல்வாய். போனை எடுப்பதில்லை, இரண்டு நாளைக்கு ஒருதரம் நல்லா இருக்கேம்மா வேலை ஜாஸ்தி என்று ஒரு வரி வருகிறது, அதைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. அதனால்தான் பேப்பரில் எழுதிப் பக்கத்து வீட்டு ரேணுகா மகள் சௌபர்ணிகாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் வியாழக்கிழமை பெல்ஜியத்துக்குத் திரும்புகிறாள், உன் கையில்தான் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். போனைப் போல இதை நீ கட் பண்ண முடியாது.

போன மாதம் லீவுக்கு வந்ததும் அவள்தான் போனில் காட்டினாள், உன் பந்தய சைக்கிள் இரண்டையும் விற்பனைக்குப் போட்டிருக்கிறாய். இரண்டும் சேர்த்து, உடனே என்று. படத்தில் இரண்டையும் பளபளவென்று துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாய். மாப்பிள்ளை ஜெரால்டு எங்கே என்று கேட்டேன், அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தாள். அப்புறந்தான் சொன்னாள், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவர் உன்னை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று. போன வருஷம் மழைப் பந்தயத்தை நீ வீடியோவில் காட்டியபோது ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு சைக்கிள் என்று சத்தம் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், சைக்ளோகிராஸ் என்பது சேற்றுக்குள் ஓட்டுகிற பந்தயம், பாதிச் சுற்றிலேயே செயினும் சக்கரமும் சேறு அப்பிக்கொள்ளும், குதித்து அதைத் தள்ளிவிட்டு ஓரத்தில் சுத்தமாகப் பிடித்திருக்கும் இன்னொன்றில் ஏற வேண்டும், நான் சுற்றி வருவதற்குள் ஜெரால்டு பழையதைக் கழுவிப் பிடித்திருப்பார் என்று. பொண்டாட்டிக்காகச் சேற்றில் நிற்கிற மனுஷன் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப்போனேன். இப்போது சௌபர்ணிகா சொல்கிறாள், அவள் பார்க்க வந்த கடைசிப் பந்தயத்தில் அந்த இடத்தில் ஒருத்தரும் இல்லையாம், வேலியில் சாய்த்திருந்த சைக்கிள் சரிந்து தரையில் கிடந்ததாம், சேறோடு வந்து நீயே குனிந்து தூக்கினாயாம். அக்கா அதுல ஏறவே இல்ல அத்தை, பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாக என்றாள். அடியே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாருக்குப் பயந்து மறைக்கிறாய்? ஊர் பேசும் என்றா? ஊரைத் தூக்கிக் குப்பையில் போடு. அந்தக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயோ. அந்தோணியாரிடம் மெழுகுவர்த்தி ஏற்றி அழுதுவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அழுகிறேன். ஓட்டி அலுத்துப்போய் விற்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ அலுத்துப்போய் விற்கவில்லை, பிடிக்க ஆளில்லை என்று விற்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த மறுநாளே நீ காலேஜில் ஓட்டிய பழைய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினார். யூடியூபில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, துருப்பிடிக்கக் கூடாதென்று செயினில் தொடங்கி பிரேக் கட்டை வரைக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டார், பாவி மனுஷன். கண்மாய்க் கரைச் சரிவில் பிரேக்கைப் பிடித்தால் எங்கே நிற்கும்? நேராகக் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்து முழங்கையெல்லாம் இரத்தம். இந்த வயசுல காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்துராதீக என்று கத்தினேன். அதற்கு அவர், அங்குட்டு என் மகளுக்கு வண்டியப் பிடிக்க யாரு இருக்கா, நான்தான போகணும் என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். காரைக்குடி சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துப் பிரேக்கைச் சரிசெய்து வந்துவிட்டோம். இப்போது தினமும் சாயங்காலம் என்னைத் தெருமுனையிலிருந்து அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வரச் சொல்கிறார், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து விட, அவர் தன் சைக்கிளை நீட்டுகிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது, பார்க்கட்டும். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டோம், போலீஸ்காரர் வந்து விசாரித்துப் போய்விட்டார். விசாவுக்கு நீ அழைத்து ஒரு கடிதம் தர வேண்டுமாம், அதை மட்டும் அனுப்பு. சைக்கிளை யாராவது விலைக்குக் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லிவிடு. ஒன்றை மட்டும் விற்று ஒன்றை வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லாதே, அப்புறம் அப்பா எதைப் பிடிப்பார்?

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், இரண்டு பேரும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, அப்பா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார், நீ ஓடி வரும்போது சைக்கிளை உனக்கு எந்தப் பக்கத்திலிருந்து நீட்ட வேண்டும், இடமா வலமா என்று. நாங்கள் தப்பாகப் பழகிவிடக் கூடாது, இதற்காவது ஒரு போன் பண்ணு கண்ணு.

உன் அம்மா,
சூசைமேரி