ஃபோர்மேனுக்கு அடித்த ஸ்டாண்டு

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்கள் ஆசையாக வளர்த்த ஆஸ்கர் மீன் ஃபோர்மேனும் சௌக்கியம். அவருக்குப் புதுத் தொட்டி வாங்கியாயிற்று. அந்தத் தொட்டிக்கு அளவெடுத்து ஸ்டாண்டு அடிக்க வைத்தது நான்தான். இதைக் கேட்டதும் அங்கே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள். உயிரோடு இருந்தவரை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட என் கையில் கொடுத்தவர் இல்லை நீங்கள். "மாப்ளே, அத அப்டியே வச்சிட்டு நீங்க போய் காபி சாப்பிடுங்க" என்பீர்கள். முப்பது வருஷம் ஆவடி ஃபேக்டரியில் வெல்டராக இருந்தவருக்கு பேங்கில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைமேல் அவ்வளவுதான் நம்பிக்கை.

நீங்கள் போன ரெண்டாம் மாசமே பழைய ஸ்டாண்டும் போய்விட்டது. பின்பக்கக் கால் துருப்பிடித்து இற்றுப்போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை அது மடங்கி, தொட்டி சாய்ந்து, கண்ணாடி உடைந்து, ஹால் முழுக்கத் தண்ணீர். உங்கள் பெண் கவிதா எனக்கு போன் போட்டு அழுகிறாள். பின்னணியில் அத்தையின் சத்தம்: "ஏய், காலு வைக்காத! ஃபோர்மேன் அங்கதான் எங்கயோ கெடக்காரு!" நான் ஓடிவந்து பார்க்கும்போது, பொங்கலுக்கு எடுக்கிற பெரிய அண்டாவுக்குள் ஃபோர்மேன் உம்மென்று இருந்தார். அத்தை முந்தானையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறார். அப்புறம் அவரைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் இருந்த நீல டிரம்முக்கு மாற்றினோம்.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. நீங்கள் போன பிறகும் அத்தை மதியம் தட்டை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோர்மேனைப் பார்த்தபடி ஏதோ நாலு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொட்டி போனதும் அதுவும் போயிற்று. சமையல்கட்டில் நின்றபடியே ரெண்டு வாய் மோர் சாதம். கேட்டால், "பசிக்கல." ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, சாப்பிட வையுங்கள் என்கிறார். எப்படி வைப்பது? எனக்குப் பயம் வந்துவிட்டது, மாமா. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அதே வருஷத்தில் அத்தையையும்... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

அதனால்தான் ஐந்தடித் தொட்டி வாங்கினேன். ஐநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஸ்டாண்டு உயரம் எவ்வளவு என்று வீட்டில் பேச்சு வந்தபோது யாருக்கும் சந்தேகமே இல்லை. உங்கள் கோடு இருக்கிறதே! பருத்திப்பட்டு ஏரி நிரம்பித் தண்ணீர் உள்ளே வந்த வருஷம், ஹால் சுவரில் நீல பெயிண்டால் ஒரு கோடு போட்டு, "இனிமே இந்த ஊட்ல ஒரு சாமான் இதுக்குக் கீழ இருக்கக் கூடாது" என்று சட்டம் போட்டீர்கள். பிரிட்ஜ் மேடைமேல். பிளக் பாயிண்டெல்லாம் தோள் உயரத்தில். டிவி எங்கேயோ விட்டத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்களுக்கெல்லாம் கழுத்து வலி. கோடு மூன்றடியில் இருந்தது. பத்திரத்துக்கு இன்னும் ஒரு அடி சேர்த்து நாலடி என்று எழுதினேன். "அப்பா இருந்தாலும் இதான் சொல்லியிருப்பாரு" என்று கவிதா கண் கலங்கினாள்.

மேனாம்பேட்டில் பட்டறை வைத்திருக்கிற சேகரிடம் அளவுச் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதை ரெண்டு தடவை படித்தார்.

"இன்னா சார், மீனு வைக்கப் போறியா, கொடி ஏத்தப் போறியா? நாலடியா?"

"வீட்டுக்குள்ள வெள்ளம் வரும்ங்க."

"வந்தா?"

"மீன் பத்திரமா இருக்கணும்ல?"

சேகர் சீட்டை என் பக்கம் நீட்டினார். "சர்தான். உன் மீனு, உன் இஷ்டம். இந்தா, சீட்டுல ஒரு கையெயுத்து போடு. அப்பால வந்து வெட்டு, ஒட்டுன்னு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்." நான் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டேன். பேங்கில் அது ஒன்றுதானே எங்களுக்குத் தெரிந்த வேலை.

ரெண்டு அங்குல சதுர பைப்பில், நடுவில் கூடுதலாக ரெண்டு கால் வைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கினார்கள். மேலே பிளைவுட், அதன்மேல் தெர்மகோல், அதன்மேல் தொட்டி. பாதித் தண்ணீர் விட்டதும் பார்த்தால் ஒருபக்கம் ஒரு விரல்கடை இறக்கம். ஸ்டாண்டில் குற்றமில்லை மாமா, குற்றம் உங்கள்மேல்! ஹாலைக் கழுவி விட்டால் தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு வாட்டம் வைத்தவர் யார்? நல்லவேளை, சேகர் கால்களுக்கு அடியில் போல்ட் வைத்திருந்தார். குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் திருகித் திருகி மட்டம் பிடித்தேன். ஸ்பேனர்! நான்! பார்க்க நீங்கள் இல்லை.

ஃபோர்மேனை உள்ளே விட்டதும் எல்லாரும் கைதட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைதான் என்னிடம் நேராகப் பேசுவதில்லையே. கல்யாணமான நாளிலிருந்து எதுவாக இருந்தாலும் கவிதா வழியாகத்தான். "நல்லா இருக்குன்னு சொல்லு கவிதா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன்.

மறுநாளும் அத்தை சமையல்கட்டில் நின்றபடியே சாப்பிட்டார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிறேன், ஒரு நிமிஷம் வந்து உட்கார்ந்தால் என்ன என்று கவிதாவிடம் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அத்தையின் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

உட்கார்ந்து நிமிர்ந்தேன். எதிரே இரும்பு பைப். அதற்கு மேலே பிளைவுட்டின் அடிப்பக்கம், அதில் சேகர் சாக்பீஸால் எழுதிய என் பெயர். மீன்? மீன் மேல்மாடியில் குடியிருந்தது. கழுத்தை முறித்துப் பார்த்தால் ஃபோர்மேனின் வயிறு மட்டும் தெரிந்தது.

"அத்தை ஏன் இத சொல்லல?" என்றேன்.

"மாப்ள செஞ்சதுல எப்படி குத்தம் சொல்றதுன்னு அம்மா வாயத் தொறக்கல. நானாவது சொல்லலாம்னா, போட்டோவுக்கு நூறு பேர் கைதட்டிட்டாங்க."

"அதுக்காக எறக்க முடியுமா? வெள்ளம் வந்தா என்ன பண்றது?"

அப்போதுதான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அத்தை, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தண்ணி வந்தா மீனுக்கு என்ன மாப்ள?"

படித்தவன், பேங்க்காரன், வெள்ளத்திலிருந்து மீனைக் காப்பாற்ற ஸ்டாண்டு அடித்திருக்கிறேன்! கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உங்கள் சட்டத்தை மதித்த பாவத்துக்கு எனக்கு இது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஐநூறு லிட்டரையும் டியூப் போட்டு தென்னைக்கு விட்டோம். ஃபோர்மேன் மறுபடி அண்டாவுக்கு. சேகர் கட்டிங் மெஷினோடு வந்தார். ஸ்டாண்டைத் தெருவில் சாய்த்துப் போட்டு, "கையெயுத்து கீது சார், காட்டட்டா?" என்று ஆரம்பித்து, கடைசிக் கால் அறுபடும்வரை நிறுத்தவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. இருபத்தோரு அங்குலம் வெட்டினோம். தொட்டி ஏறியது, தண்ணீர் நிறைந்தது, மறுபடி குப்புறப் படுத்து மட்டம் பிடித்தேன்.

அடுத்த நாள் மதியம் அத்தை தட்டோடு வந்து உட்கார்ந்தார். ஃபோர்மேன் நேரே அவர் முகத்துக்கு எதிரே வந்து வாயை ஆவென்று திறந்தார். அத்தை ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். "கவிதா, இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்றார். நானும் கவிதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட பயந்து நின்றோம்.

அப்புறம் ஆரம்பித்தார். ஆறு மாசமாக உங்களைத் தங்கம், தெய்வம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்கே புரியாது. அன்றைக்கு மீனிடம் முறையிட்டார். "மாத்திரையப் போடு, மாத்திரையப் போடுன்னு தொண்ட கிழியக் கத்தினேன், கேட்டாரா அந்த மனுசன்? பாக்கெட்ல ஒளிச்சு வச்சு ஏமாத்தினாரு. பிடிவாதம், பிடிவாதம்! இப்ப நிம்மதியா போய்ப் படுத்துக்கிட்டாரு. என்னைய யார்கிட்ட விட்டுட்டுப் போனாரு?" அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார். காரியத்தன்று வராத அழுகை அது.

தினமும் மதியம் இப்போது இதுதான் நடக்கிறது. நீங்கள் ஒளித்த மாத்திரைகள், வாங்கித் தராத வளையல், கூட வராத கல்யாணங்கள் எல்லாம் ஃபோர்மேனுக்கு அத்துப்படி. அத்தைக்கு ஜாக்கெட் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

முன்பெல்லாம் அத்தை திட்டும்போது குறுக்கே புகுந்து, "மாமா பாவம்" என்று நான்தான் உங்களுக்காகப் பேசுவேன். மன்னித்துவிடுங்கள். இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அத்தை உங்களை வயிறாரத் திட்டட்டும். இது உங்கள்மேல் சத்தியம்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த,
உங்கள் மூத்த மாப்பிள்ளை.