எட்டு நாள் கணக்கு

ஆனையூர், மதுரை
12.8.1986

அன்பு மகளுக்கு,

நீ கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய கதிர்வீச்சு மருந்து உன் அம்மாவின் கழுத்துப் புற்றைக் கரைத்துவிட்டது. படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை என்றார் டாக்டர். காப்புரிமைத் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அம்மாதான் இன்னும் பார்க்கவில்லை.

மருந்து கொடுத்த அன்று, உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், இரண்டு வாரம் யாரும் நெருங்க வேண்டாம் என்றார்கள். கொல்லைப்புற விறகு அறையைக் கழுவிக் கொடுத்தோம். இப்போது ஏழு மாதம் ஆகிறது. தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளினால் எடுத்துக்கொள்கிறாள்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் உனக்கு நினைவிருக்கும். ஒரு செம்புத் தண்ணீரில் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியைக் கொட்டிவந்தால், மூன்று மாதத்தில் ஈரம்கூட மிஞ்சாது. இந்தக் கதிர்வீச்சும் அப்படித்தான்.

நேற்று உன் அண்ணி கேட்டாள்: "மாமா, இம்புட்டு நாளாச்சே, அத்தைய உள்ள கூப்பிடலாமா? பேரனைத் தூக்கணும்னு அழுகுறாக."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றேன். சயின்ஸ் வாத்தியார் சொன்னால் இங்கே மறுபேச்சு இல்லை. கல்யாணமான முப்பத்தைந்து வருடத்தில் இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது.

அம்மாவுக்குத் தனியாகக் கடிதம் போட்டால், அந்த எட்டு நாள் கணக்கை மட்டும் எழுதிவிடாதே.

பிரியமுள்ள
அப்பா